மாஸ்டர் யாருன்னு விசாரிச்சீங்களா?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஆரணியில் பிளக்ஸ் பேனர்கள் முளைத்துவிடுகின்றன. சிலம்பம், கராத்தே, யோகா, ஓவியம், அபாகஸ், கீபோர்டு, ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று மின்கம்பத்துக்கு ஒன்றாகத் தொங்கும். கட்டணம் இருக்கும், நேரம் இருக்கும், முதலில் சேருகிற பிள்ளைகளுக்குத் தள்ளுபடி இருக்கும், கருப்பு பெல்ட் கட்டிய மாஸ்டரின் படம் ஆளுயரத்துக்கு இருக்கும். அந்த மாஸ்டரோடு கூட நிற்கப்போகும் இன்னொரு பெரியவர் யார், பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை உண்டா, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யாரிடம் சொல்வது என்பதெல்லாம் எந்தப் பேனரிலும் இருக்காது. போட்டால்தான் என்ன என்று இதுவரை யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

பட்டு நெசவு ஊரில் இந்த முகாம்களுக்கு ஒரு தனித் தேவை இருக்கிறது. ஆரணியிலும் சேவூர், தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் தறி பெரும்பாலும் வீட்டுக்குள்தான் ஓடுகிறது. கணவன் தறிக்குழியில் இறங்கினால் மனைவி ஊடைக்கு நூல் சுற்றுவாள், இழை அறுந்தால் வந்து பிணைப்பாள். அம்மா, அப்பா இருவருமே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஆனால் இருவருக்கும் கை ஒழியாது. ஒரு புடவையை எப்போது அறுத்துக் கொடுக்கிறார்களோ அப்போதுதான் கூலி. ஒன்றரை மாத விடுமுறையில் பத்து வயதுப் பிள்ளையை என்ன செய்வது?

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்குத் தறியே பதிலாக இருந்தது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைப் புடவைக்குத் தறியின் மறுபக்கம் ஓர் உதவியாள் வேண்டும். அந்த இடத்தில் பல வீடுகளில் உட்கார்ந்தது வீட்டுப் பிள்ளை. பணம் இருந்த இடங்களில், முன்பணம் கொடுத்துக் கொண்டுவந்த வேறு வீட்டுப் பிள்ளை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2016இல் அதற்கு வந்த திருத்தமும் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்துவிட்டன. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ பிள்ளைகள் ஒத்தாசை செய்யலாம் என்ற ஒரு சந்து மட்டும் திருத்தத்தில் விடப்பட்டது. பிள்ளையைத் தறிப்பக்கம் விட மனமில்லாத பெற்றோர் இன்று முகாமைத் தேடுகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் தறி வீட்டில் பிள்ளை அம்மாவின் கண்ணெதிரே இருந்தது. முகாமில் யார் கண்ணெதிரே இருக்கிறது?

இதைக் கேட்க மறந்தால் என்ன நடக்கும் என்பதை, ஆரணி இருக்கும் திருவண்ணாமலைக்குப் பக்கத்து மாவட்டமே 2024 ஆகஸ்டில் காட்டியது.

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் மாணவ மாணவிகளைப் பள்ளியிலேயே தங்க வைத்தார்கள். கலந்துகொண்டவர்களில் பதினேழு பேர் பெண் பிள்ளைகள். அவர்கள் மாடியில் இருந்த கலையரங்கத்திலும் பையன்கள் கீழ்த்தளத்திலும் படுத்தார்கள். கண்காணிக்க ஓர் ஆசிரியர்கூட நியமிக்கப்படவில்லை என்று பிறகு காவல்துறை சொன்னது. பயிற்சியாளராக வந்தவர் பதின்மூன்று வயது மாணவி ஒருவரிடம் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் புகார் எழுந்தது. மற்ற சில பிள்ளைகளும் சீண்டலுக்கு ஆளானது விசாரணையில் வெளிவந்தது. விஷயம் பள்ளி நிர்வாகத்துக்குத் தெரிந்தும் போலீசுக்குப் போகவில்லை. வெளியே சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கூறியதாகக் குற்றம்சாட்டப்பட்டது. பயிற்சியாளரோடு பள்ளியின் தாளாளரும் முதல்வரும்கூடக் கைதானார்கள். முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவர் கைதான சில நாட்களில், எலி மருந்து சாப்பிட்ட நிலையில் மருத்துவமனையில் இறந்தார். தமிழ்நாடு அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு ஒன்றையும், இப்படி இனி நடக்காமலிருக்க வழி சொல்லத் துறைகள் பல சேர்ந்த குழு ஒன்றையும் அமைத்தது.

அதற்கெல்லாம் நடுவே என்.சி.சி. அமைப்பு ஓர் அறிக்கை விட்டது. அந்த முகாமுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றது அந்த அறிக்கை.

இந்த வழக்கில் மனதைக் குடைவது இந்த இடம்தான். உண்மையான என்.சி.சி. முகாம் எப்படி நடக்கும் என்பது மூடுமந்திரம் அல்ல. ராணுவ அதிகாரியின் கீழ் இயங்கும் பட்டாலியன் ஒன்று அதற்கு ஆணை பிறப்பிக்கும். பள்ளியில் அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் இருப்பார். பெண் பிள்ளைகளோடு பெண் பொறுப்பாளர் போவார். 'நான் என்.சி.சி.யிலிருந்து வருகிறேன்' என்று சொன்னவரிடம் ஆணைக் கடிதத்தைக் கேட்டிருந்தால், அல்லது பட்டாலியன் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால், அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். காக்கிச் சீருடையும் கம்பீரமான குரலும் அந்த ஒரு போனுக்குப் பதிலாக நின்றுவிட்டன.

ஆரணியில் சீருடைகூடத் தேவையில்லை. 'நம்ம ஊரு புள்ளதான்', 'எங்க மாமனுக்குத் தெரிஞ்சவரு', 'நம்ம தெருவுல குடியிருந்தாங்க' என்பதே போதும். எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த ஊர் என்பதில் ஒரு சுகம் உண்டு. ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது. 2007இல் மத்திய பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் பதின்மூன்று மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அல்லது குழந்தை நம்பும் பொறுப்பில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. பிள்ளை பிடிக்கிறவன் கோணிப்பையோடு வருவான் என்று பயம் காட்டி வளர்க்கிற ஊரில், ஆபத்து விசிலோடும் புன்சிரிப்போடும் வரும் என்பதை ஏற்றுக்கொள்ள மனம் மறுக்கிறது.

இத்தனைக்கும், எதையும் சோதிக்காமல் வாங்கும் பழக்கம் இந்த ஊருக்குக் கிடையாது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் சில்க் மார்க் முத்திரை உண்டா என்று பார்க்கிறார்கள். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று இயந்திரத்தில் வைத்துச் சோதித்துத் தரச் சொல்கிறார்கள். கடைக்காரர் சொந்தக்காரர் என்பதற்காக யாரும் சோதனையை விட்டுவிடுவதில்லை, அவரும் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. அந்தக் கேள்வி முகாம் மாஸ்டரிடம் போனால் மட்டும் மரியாதைக்குறைவாகிவிடுகிறது.

சட்டம் இதில் கூச்சப்படவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று, குழந்தைகள் தினத்தில், நடைமுறைக்கு வந்தது. அதன் 2020ஆம் ஆண்டு விதிகள், குழந்தைகளைத் தங்க வைக்கிற அல்லது அவர்களோடு தொடர்ந்து புழங்குகிற எந்த நிறுவனமும் தன் ஊழியர் ஒவ்வொருவரையும் அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்கின்றன. பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சிக்கூடம் என்று பெயர் சொல்லியே விதி பேசுகிறது. பாடம் நடத்துகிறவர், நடத்தாதவர், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வித்தியாசமெல்லாம் இல்லை. சமையல்காரரும் வேன் டிரைவரும் வாட்ச்மேனும் அதில் அடக்கம். சரிபார்த்தால் மட்டும் போதாது, குழந்தைப் பாதுகாப்பு பற்றி அவர்களுக்கு அவ்வப்போது பயிற்சியும் தர வேண்டும்.

ஆனால் தமிழ்நாட்டில் கோடை முகாமுக்கென்று தனியாக உரிமம் வழங்கும் சட்டம் கிடையாது. 2014இல் பொள்ளாச்சியில் விடுதி ஒன்றில் இரண்டு சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த மாநில அரசு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அது விடுதிகளுக்குத்தான்; பதினைந்து நாள் கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, வசூலித்து, கலைந்துபோகிற முகாமை எந்த அலுவலகம் வந்து பார்க்கும்? விதி இருக்கிறது, வாசலில் நின்று கேட்க அதிகாரி இல்லை. அதனால் கேட்கும் வேலை பெற்றோர் தலையில்தான் விழுகிறது.

போலீஸ் சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். பாலியல் குற்றவாளிகள் பற்றிய தேசியத் தரவுத்தளம் ஒன்று 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது, ஆனால் அதைத் திறந்து பார்க்கும் உரிமை காவல்துறை போன்ற அமைப்புகளுக்கு மட்டும்தான். பெற்றோர் தாங்களாகப் பெயர் தட்டித் தேட முடியாது. ஆகவே சான்றிதழை முகாம் நடத்துகிறவர் வாங்கி வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். அதிலும் ஒரு குறை உண்டு. இதுவரை பிடிபடாதவரின் சான்றிதழ் சுத்தமாகத்தான் இருக்கும். அதனால் சான்றிதழோடு முடித்துக்கொள்ளாமல், முகாம் தினமும் எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தினசரி நடத்தை என்றால் என்ன? உலகம் முழுவதும் சாரணர் இயக்கமும் விளையாட்டு அமைப்புகளும் பட்டுத் தெளிந்த முதல் விதி ஒன்று உண்டு: எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையோடும் தனியே, பிறர் பார்க்க முடியாத இடத்தில் இருக்கக் கூடாது. இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும்; தனியாகப் பேசியே ஆக வேண்டும் என்றால் கதவு திறந்திருக்க வேண்டும், அல்லது மைதானத்தின் ஓரத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி பேச வேண்டும். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் ஒரு சின்ன ஊர் முகாமில் இது எத்தனை பழக்கங்களை மாற்றச் சொல்கிறது என்று பாருங்கள்.

சாயங்காலம் எல்லோரையும் அழைத்துப் போய்விட்டார்கள், ஒரு பிள்ளையின் அப்பா மட்டும் வரவில்லை. பாவு வாங்க சொசைட்டிக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். "நான் பைக்ல கொண்டாந்து விட்டுடறேன்ணா, நீங்க அலையாதீங்க" என்கிறார் மாஸ்டர். நல்ல மனதோடு சொன்னதாகவே இருக்கட்டும். இரண்டு பெரியவர் விதி இருக்கும் முகாமில் இதற்கு இடமில்லை. யார் அழைத்துப் போகலாம் என்று சேரும் நாளிலேயே எழுதி வாங்கிய பெயர்கள் இருக்கும். அவர்களில் ஒருவர் வரும்வரை இரண்டு பேர் அந்தப் பிள்ளையோடு காத்திருக்க வேண்டும். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அனுப்ப வேண்டும். 'சித்தப்பான்னு சொன்னாரு, அனுப்பிட்டோம்' என்ற பேச்சுக்கே இடமிருக்கக் கூடாது.

தொட்டுச் சொல்லித்தர வேண்டிய கலைகளில் இது இன்னும் நுட்பமானது. சிலம்பத்தில் கால்மானத்தைத் திருத்த வேண்டும், யோகாவில் முதுகை நிமிர்த்த வேண்டும், நீச்சலில் வயிற்றைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தொடவே கூடாது என்றால் கலை நடக்காது. தேர்ந்த ஆசிரியர்களின் வழி எளிமையானது: முதலில் தானே செய்துகாட்டுவது, தொட வேண்டியிருந்தால் 'முட்டியைப் புடிச்சுத் திருப்புறேன், சரியா?' என்று சொல்லிவிட்டு, எல்லார் முன்னிலையிலும், தேவையான இடத்தை, தேவையான நேரம் மட்டும் தொடுவது. பெண் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு பெண் பயிற்றுநர் கட்டாயம். உடை மாற்றும் அறையிலும் கழிப்பறையிலும் பெரியவருக்கு வேலை இல்லை. சின்னக் குழந்தைக்கு உதவி தேவையென்றால் பெண் ஊழியர் போவார், இன்னொருவருக்குச் சொல்லிவிட்டுப் போவார்.

பிறகு செல்போன். முகாம் முடிந்தும் முடியாத உறவுகள் எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன. மாஸ்டர் பிள்ளையின் நம்பருக்கு நேராக 'குட் நைட்' அனுப்புவது, இன்ஸ்டாகிராமில் பின்தொடர்வது, 'வீட்ல சொல்லாத' என்ற முத்தாய்ப்போடு ஒரு சின்னப் பரிசு கொடுப்பது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். குழந்தைகளைக் குறிவைப்பவர்கள் நெருங்குவது பெரும்பாலும் இந்தப் படிக்கட்டில்தான் என்பது இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களுக்கு அத்துப்படி. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதே போக்சோவின் 11ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே விதி எளிது. தகவல் எல்லாம் பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மட்டும். பிள்ளைக்குத் தனிச் செய்தி கிடையாது. ரகசியம் கிடையவே கிடையாது. பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் போடுவதற்கும் பெற்றோரின் அனுமதி வேண்டும். அடுத்த வருடப் பேனருக்கு நல்ல படம் கிடைத்தது என்பது காரணமாகாது.

ஒழுக்கம் என்றதும் எல்லோருக்கும் பாலியல் விஷயம் மட்டும் நினைவுக்கு வருகிறது. கத்திரி வெயிலில், மே மாதப் பகல் பதினோரு மணிக்கு, தாமதமாக வந்த பிள்ளையை மைதானத்தைப் பத்து சுற்று ஓடவிடும் மாஸ்டரை யாரும் கேள்வி கேட்பதில்லை; 'ஸ்ட்ரிக்டானவரு' என்று பாராட்டுகூடக் கிடைக்கும். இது பயிற்சி இல்லை, கொடுமை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சலையும் தடைசெய்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையைத் துன்புறுத்துகிற யாருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது; குழந்தைகளைப் பராமரிக்கும் அமைப்பின் ஊழியர் என்றால் ஐந்து ஆண்டு வரை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சொல்லப் பலருக்குப் பிடிக்காது என்றாலும். முகாமுக்கு வந்த முதல் நாள் 'எந்தத் தெரு?', 'யார் வீட்டுப் புள்ள?' என்று விசாரிப்பது நம் ஊரில் வெறும் விலாசம் கேட்பதல்ல. கையில் கட்டும் சாதிக் கயிற்றின் நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் பழக்கம் பள்ளிக்குள் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை, நாங்குநேரி பள்ளி மாணவர் மீதான சாதி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் கொடுத்த அறிக்கை பேசியது. பள்ளிக்கு வெளியே நடக்கும் முகாமுக்கு மட்டும் அந்தக் கறை ஒட்டாது என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. யாரை முன்வரிசையில் நிறுத்துகிறார்கள், யாரைத் தண்ணீர்க் கேன் தூக்கச் சொல்கிறார்கள் என்பதும் மாஸ்டரின் நடத்தைதான்.

தண்ணீர் என்றதும் கிணறு நினைவுக்கு வருகிறது. கமண்டல நாகநதி கோடையில் வெறும் மணல். நீச்சல் கற்க ஆரணிப் பிள்ளைகள் போவது வயற்காட்டுக் கிணறுகளுக்குத்தான், முதுகில் கட்டிய பிளாஸ்டிக் கேனோடு. முகாமின் கடைசி நாளில் 'ஒரு ஜாலி ட்ரிப்' என்று அணைக்கட்டுக்கோ ஏரிக்கோ கூட்டிப்போகும் வழக்கமும் உண்டு. 2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்குப் போய்த் திரும்பிய புதுக்கோட்டை மாவட்ட அரசு நடுநிலைப் பள்ளி மாணவிகளில் நான்கு பேர், வழியில் மாயனூரில் காவிரியில் இறங்கியபோது மூழ்கி இறந்தார்கள். உடன் ஆசிரியர்கள் இருந்தார்கள். குஜராத்தில் வடோதராவின் ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரி 18 அன்று பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து பன்னிரண்டு பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் போனார்கள். படகில் அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள், பலருக்கு மிதவைச் சட்டை இல்லை. இரண்டு இடத்திலும் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. திட்டத்தில் இல்லாத இடத்தில் இறங்குவதில்லை, நீச்சலும் மீட்பும் தெரிந்த ஆள் கரையில் நிற்காமல் ஒரு குழந்தையின் காலும் நனைவதில்லை என்ற கண்டிப்பு இல்லை.

இங்கிலாந்தில் இதே பாடத்தை 1993இல் கற்றார்கள். மார்ச் 22 அன்று லைம் விரிகுடாவில் கயாக் படகுப் பயிற்சிக்குப் போன பிளிமத் நகரப் பள்ளி மாணவர்கள் நால்வர் கடலில் இறந்தனர். விசாரணையில் ஒரு கடிதம் வெளிவந்தது. பயிற்சி நடத்திய சாகச மையத்தில் முன்பு வேலை பார்த்த இரண்டு பயிற்றுநர்கள், இங்கே பாதுகாப்பு ஏற்பாடு சரியில்லை என்று நிர்வாகத்துக்கு எழுதிவிட்டு விலகிப் போயிருந்தார்கள். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிறுவனத்தின் இயக்குநர் சிறைக்குப் போனார். 1995இல் இளையோருக்கான சாகச மையங்கள் உரிமம் பெற்றே நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

குறையை எழுதிக் கொடுத்த ஊழியரின் கடிதம் மேஜைக்குள் போய்விடுவது ஒரு வகை என்றால், குற்றத்தையே கோப்பில் போட்டுப் பூட்டுவது இன்னொரு வகை. அமெரிக்கச் சாரணர் அமைப்பு, பிள்ளைகளிடம் தவறாக நடந்ததாகப் புகார் வந்த தொண்டர்களைப் பற்றிப் பல பதிற்றாண்டுகளாகக் கோப்புகள் வைத்திருந்தது. வெளியே சொல்லவில்லை, பல நேரங்களில் போலீசுக்கும் போகவில்லை. நீதிமன்ற உத்தரவால் 2012இல் ஒரு பகுதி வெளியானது. 2020இல் அந்த அமைப்பு திவால் மனு கொடுத்தபோது, இழப்பீடு கேட்டு வந்த மனுக்கள் 82,000க்கும் மேல். அமைப்பின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று மூடி மறைத்ததே கடைசியில் பெயரையும் சொத்தையும் சேர்த்து விழுங்கியது.

பர்கூர் பள்ளி நிர்வாகிகள் கைதானதற்குப் பின்னால் இருக்கும் சட்டமும் இதைத்தான் பேசுகிறது. போக்சோவின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்திருக்கலாம் என்று தெரியவரும் எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். நிரூபிக்க வேண்டியதில்லை; விசாரிக்க வேண்டியதும் இல்லை, அது போலீசின் வேலை. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் மாவட்டப் பள்ளி விடுதி ஒன்றில் மாணவிகளுக்கு நடந்ததைத் தெரிந்தும் சொல்லவில்லை என்று ஒரு மருத்துவர் மீது வழக்கு வந்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது; 2022 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது. அப்படியிருக்க, 'ரெண்டு வீட்டுப் பெரியவங்களை வெச்சுப் பேசித் தீத்துக்கலாம்' என்று பஞ்சாயத்துக்கு உட்காருகிறவர்களும் தங்கள் தலையில் வழக்கை ஏற்றிக்கொள்கிறார்கள். நல்லெண்ணத்தில் புகார் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது என்றும் அதே பிரிவு உறுதி தருகிறது.

தண்டனையிலும் சட்டம் மாஸ்டருக்குத் தனி இடம் வைத்திருக்கிறது. பாலியல் நோக்கத்தோடு தொட்டால் மூன்று முதல் ஐந்து ஆண்டு. அதையே குழந்தைகளுக்குச் சேவை தரும் நிறுவனத்தின் உரிமையாளரோ ஊழியரோ செய்தால் ஐந்து முதல் ஏழு ஆண்டு. நம்பி ஒப்படைத்ததற்கான விலை அது.

இதையெல்லாம் கேட்கும் நல்ல மாஸ்டர்களுக்கு ஒரு வருத்தம் வரும். 'இருபது வருஷமா சொல்லிக்குடுக்கறேன், என்னைச் சந்தேகப்படறீங்களா?' என்று மனம் நோகும். உண்மையில் இந்த விதிகளால் முதலில் பயன்பெறுகிறவர் அவர்தான். கதவு திறந்திருக்கும் அறையில், இன்னொரு பெரியவர் முன்னிலையில், பெற்றோர் பார்க்கும் வாட்ஸ்அப் குழுவில் மட்டுமே பேசும் ஆசிரியர் மீது பொய்யாக ஒரு சொல் விழுவது கடினம். விதி இல்லாத முகாமில் நல்லவரும் கெட்டவரும் வெளியே ஒரே மாதிரி தெரிவார்கள். இருவருமே பிள்ளைகளோடு சிரித்துப் பேசுவார்கள், இருவருமே பைக்கில் கொண்டுவந்து விடுவார்கள். விதி வந்த பிறகு, அதை எரிச்சலோடு மீறுகிறவர் யார் என்பது தனியாகத் தெரிந்துவிடும்.

முகாம்களில் 'சீனியர்' என்று ஒரு பதவி உண்டு. போன வருடம் பயிற்சி முடித்த பதினாறு, பதினேழு வயதுப் பையன்களும் பெண்களும் சின்னவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். சம்பளம் கிடையாது, ஒரு டி-ஷர்ட் கிடைக்கும். சட்டத்தின் கண்ணில் பதினெட்டு வயது ஆகாத இவர்களும் குழந்தைகள்தான். இவர்களை நம்பி ஒரு குழுவை ஒப்படைத்துவிட்டு மாஸ்டர் டீக்கடைக்குப் போனால், அங்கே பெரியவர் யாரும் இல்லை என்றுதான் பொருள். இவர்களுக்கும் பயிற்சி வேண்டும், பாதுகாப்பும் வேண்டும்.

ஆக, பணம் கட்டும் முன் ஆரணி அம்மா ஒருவர் என்ன கேட்கலாம்? எத்தனை பெரியவர்கள் இருப்பீர்கள், அதில் பெண்கள் எத்தனை பேர்? போலீஸ் சரிபார்ப்பு இருக்கிறதா, காட்டுங்கள். என் பிள்ளையை நான் எழுதிக் கொடுத்த ஆள் தவிர வேறு யாரிடமும் அனுப்ப மாட்டீர்கள்தானே? வெளியே கூட்டிப்போவதாக இருந்தால் எங்கே, எப்போது, எந்த வண்டியில்? பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது, மருந்து யாரிடம் இருக்கும்? நான் நடுவில் சொல்லாமல் வந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு 'பேரன்ட்ஸ் வந்தா புள்ளைங்க கவனம் சிதறும்மா' என்று பதில் வந்தால், கூச்சப்படாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடலாம். அரசு நடத்துகிற முகாம் என்றால் கேட்க வேண்டாம் என்பதும் இல்லை. மாவட்ட விளையாட்டரங்கில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் நடத்தும் கோடைப் பயிற்சிக்கும் இதே கேள்விகள் பொருந்தும். அங்கே பதில் சொல்ல ஓர் அதிகாரி இருக்கிறார் என்பது வசதி.

பிள்ளையிடம் கேட்க வேண்டியதும் உண்டு, விசாரணைபோல் இல்லாமல். 'இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட?' என்பதோடு 'யாரோட பேசின, யாரைப் பிடிக்கல?' என்றும் கேட்கலாம். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வயிற்றுவலி என்று சொல்லிப் போக மறுத்தால், கட்டிய காசை நினைத்து அடித்துத் துரத்தாமல் இருப்பது முக்கியம்.

ஒருவேளை பிள்ளை ஏதாவது சொல்லிவிட்டால்? முதலில் நம்ப வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்லவைக்கக் கூடாது. மாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டு அவருக்கு முன்னெச்சரிக்கை கொடுக்கவும் கூடாது. 1098 என்ற எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை. 1996இல் மும்பையில் தெருக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய சைல்டுலைன்தான் இது. இப்போது அரசே நடத்துகிறது. பள்ளி தொடர்பான புகார் என்றால் கல்வித்துறையின் 14417. ஆரணியில் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது, திருவண்ணாமலையில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது.

போலீஸ் என்றதும் பல குடும்பங்கள் பின்வாங்குவது, ஸ்டேஷன் வாசலில் பிள்ளையை நிறுத்த வேண்டிவருமே, தெருவுக்கே தெரிந்துவிடுமே என்ற பயத்தில். போக்சோ இந்தப் பயத்தை எண்ணிப் பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் வேறு இடத்திலோ பதிவுசெய்ய வேண்டும். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், சீருடை இல்லாமல். பெற்றோரோ பிள்ளை நம்பும் வேறொருவரோ பக்கத்தில் இருக்கலாம். குற்றம்சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. பெண் குழந்தை என்றால் மருத்துவப் பரிசோதனையைப் பெண் மருத்துவர்தான் செய்ய வேண்டும். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயர், படம், பள்ளி, தெரு எதையும் பத்திரிகையோ தொலைக்காட்சியோ வெளியிட முடியாது. மீறினால் அவர்களுக்கும் சிறை உண்டு. புகார் வந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போலீஸ் அதைக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவித்தாக வேண்டும்; வழக்கு முடியும்வரை குடும்பத்துக்குத் துணையாக ஒருவரை அந்தக் குழு நியமிக்கலாம். இத்தனையும் அந்தப் பிள்ளையின் உரிமை. புகார் கொடுக்கப் போகிறவர் ஒவ்வொன்றையும் கேட்டுப் பெறலாம்.